மாமனாரின் கடைசி இருமல்

என் மாமனார் இறந்த பிறகு ஒரு முறை இருமினார். நான் நேரில் பார்த்தவன். கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. எந்த பஸ் வந்தது, வெயில் எப்படி அடித்தது என்பது வரைக்கும் அன்றன்றே எழுதி வைக்கிறவன். அந்த நாளைப் பற்றி எங்கள் உறவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் தெருவில் ஓடிக்கொண்டிருந்தவர்கள். ஓடுகிறவருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் வருத்தப்படுவார்கள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி, தை மாதம். மாமனாருக்குப் பரளச்சியில் மளிகைக் கடை. மல்லியும் வத்தலும் பருத்திக்கொட்டையும் கலந்து அடிக்கும் நெடிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எந்நேரமும் பொரிகடலை மென்றுகொண்டிருப்பார். பேசும்போது மெல்லுவார், எடை போடும்போது மெல்லுவார், சாமி கும்பிடும்போதும் ஒதுக்கிவைத்து மெல்லுவார். தூங்கும்போதுகூட அவருடைய தாடை அசையும் என்று என் மனைவி சொல்வாள். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மகன், அதாவது என் மைத்துனர், கோயம்புத்தூரில் மில் வேலை. மகள் என் மனைவி. தலைப்பிரசவத்துக்குப் போனவள் கைக்குழந்தையோடு அங்கேயே இன்னும் சில மாதம் இருந்திருப்பாள். அந்தத் தையில் ஊர் முழுக்கச் சளிக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. மாமனாருக்கு இருமல் ஆரம்பித்த அன்றைக்கே மகளை பஸ் ஏற்றிவிட்டார்.

"புள்ளைக்கு ஒட்டிக்கிரும். நீ அருப்புக்கோட்டைக்குக் கெளம்பு. நல்லானதும் நானே வாரேன்."

அவர் வரவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் ஆள் வந்தது.

நாங்கள் போய் இறங்கும்போது பந்தல் போட்டாகிவிட்டது. பெரியவரைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டியிருந்தார்கள். திருச்சுழியிலிருந்து போட்டோக்காரர் வந்து கேமராவை நிறுத்தியிருந்தார். எங்கள் பக்கத்தில் அப்போது இது வழக்கம்: இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று ஒரு படம். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் ஒன்றாக நின்றிராத ஆட்கள் இதற்கு மட்டும் உயரவாரியாக வரிசை கட்டுவார்கள். அசையாதீர்கள் என்று போட்டோக்காரர் சொன்னால், சொன்ன பேச்சைக் கேட்கிறவர் நாற்காலியில் இருப்பவர் ஒருவர்தான்.

தூக்கி உட்கார வைத்தவர்களில் ஒருவர் மாமியாரின் தம்பி, என் மனைவிக்குத் தாய்மாமன். அவருக்கும் அதே காய்ச்சல், அதே இருமல். ஆனால் அவர் உயிரோடு இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, இடுப்பை மடக்கி நாற்காலியில் இறக்கினார்கள். குடும்பம் பின்னால் வரிசையாக நின்றது. என் மனைவி பந்தலுக்குள் நுழைந்து, அப்பாவைப் பார்த்துவிட்டுக் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அந்த நேரத்தில் மாமனாரின் தலை முன்னால் சரிந்தது. தாய்மாமன் நெஞ்சில் கை வைத்து நிமிர்த்தினார்.

மாமனார் இருமினார்.

தெளிவான இருமல். அடித்தொண்டையில் கரகரவென்று கிளம்பி, கடைசியில் ஒரு செருமல். கடையில் கூட்டம் இருக்கும்போது 'கொஞ்சம் பொறுங்கள்' என்பதற்காக அவர் செருமுவாரே, அதுவேதான். உதட்டோரத்தில் நுரை வந்து நின்றது.

அடுத்த நொடி பந்தலில் ஆள் இல்லை. பின்னால் நின்ற வரிசை பின்பக்கமாகவே போய்விட்டது. நிமிர்த்திக்கொண்டிருந்த தாய்மாமன் கையை எடுத்த வேகத்தில் துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கால்வலியால் ஒரு மாதமாகப் படி இறங்காதவர் என்று சொல்லப்பட்ட மாமனாரின் தங்கை தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார். போட்டோக்காரர் பயத்தில் பட்டனை அமுக்க, பளீரென்று வெளிச்சம் அடித்தது.

என் மனைவி மட்டும் மற்றவர்களுக்கு எதிர்த்திசையில் ஓடினாள். "அப்பா" என்று ஒரே சொல்தான் சொன்னாள். அவளுடைய கை அவரைத் தொடுவதற்குள் தெருமுனை போய்த் திரும்பிய அத்தை அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"பச்ச உடம்புக்காரி. கிட்டப் போகாதடி. சீக்கு இன்னும் உள்ளதான் இருக்கு. கேட்டீல்ல?"

"அத்தை, அப்பா இருமுனாக."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். ஒருத்திக்கு அப்பா உயிரோடு இருந்தார், மற்றவருக்கு அண்ணனுடைய சீக்கு உயிரோடு இருந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் அத்தை பக்கம் சேர்ந்தார்கள். செத்தவர் பிழைத்தால் எத்தனையோ தொல்லை. சீக்கு பிழைத்தால் விலகி நின்றால் போதும். என் மனைவியையும் குழந்தையையும் எதிர்வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்து, வாசலில் இரண்டு பெண்களைக் காவலுக்கு வைத்தார்கள். பெரியவரை மறுபடியும் கட்டிலில் கிடத்த ஆள் தேடினார்கள். பாதிப் பேருக்கு அப்போதுதான் வேறு வேலை ஞாபகம் வந்தது.

அதன் பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. ஆள் செத்த பிறகு நெஞ்சுக்குள் இருக்கும் சளிக் கிருமி எவ்வளவு நேரம் இருக்கும் என்பது கேள்வி. உலகத்தில் யாரும் இதைப் பற்றி அத்தனை உறுதியாகப் பேசியிருக்க மாட்டார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் என்றார் டீக்கடைக்காரர். நகம் கறுக்கிற வரைக்கும் என்றார் ஒரு பங்காளி. அதே தெருவில் ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற பின்னும் பிளீச்சிங் பவுடரை விடாமல் வைத்திருந்தவர்.

"ஆளு போனா கிருமி போயிருமா? போகாது. வீட்டுக்காரன் போயிட்டான்ற தைரியத்துல ரெட்டிப்பா ஆட்டம் போடும்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலைச் சுற்றிப் பவுடரால் ஒரு கோடு போட்டார். கோலம் போடுகிற பெண்கள்கூட அத்தனை நேராகப் போட மாட்டார்கள். கோட்டைப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக் கோழி ஒன்று உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் கிளறிவிட்டு வெளியே வந்தது. அதை யாரும் தடுக்கவில்லை. கோழிக்குச் சளி பிடிக்காது என்று நினைத்திருக்கலாம்.

மைத்துனர் கோயம்புத்தூரிலிருந்து வந்துசேர எப்படியும் சாயங்காலம் ஆகும். அதனால் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு லோடு வேனில் உமி போட்டு ஐஸ் கட்டி வந்து இறங்கியது. ஆய்வாளருக்கு அதில் பெரிய திருப்தி.

"ஐஸு வச்சா கிருமி வெறச்சுச் செத்துப்போகும். இப்பத்தான் வழிக்கு வந்தீக."

கடைசியில் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். நான் அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தேன். பஞ்சுச் சுருளும் குளுக்கோஸ் பாட்டிலும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து அலமாரியில் அடுக்குவது என் வேலை. ஆனால் மாமனார் வீட்டில் 'ஆஸ்பத்திரி மாப்பிள்ளை' என்று பெயர். பிரசவத்திலிருந்து பல்வலி வரைக்கும் என்னிடம் கேட்பார்கள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, நினைத்ததைச் செய்வார்கள்.

"நீங்க சொல்லுங்க மாப்ள. எத்தனை நேரம் இருக்கும்? அவ வாய்க்கரிசி போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பச்சப்புள்ள வச்சிருக்கவ. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அத்தை.

தெரியாது என்றேன். ஆஸ்பத்திரி மாப்பிள்ளை அடக்கமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எதிர்வீட்டுக்குப் போனேன். என் மனைவி அழவே இல்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அப்பா இருமுனாகளா, இல்லையா?"

"இருமின மாதிரித்தான் இருந்துச்சு."

"செத்தவுக இருமுவாகளா?"

"அது எனக்குத் தெரியல."

"செத்துட்டாகன்னு யாரு நாடி பாத்தது?"

"உங்க மாமா."

"அவருக்குக் கைக்கடிகாரத்துல மணி பாக்கத் தெரியாது. நாடி பாத்தாராக்கும்." குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "நான் பக்கத்துல போயிப் பாக்கணும். உசுரோட இருக்கவுகள ஐஸுல வச்சிருந்தா என்ன செய்ய? கொண்டுபோயி எரிச்சுருவாங்க. அதுக்கு முன்னாடி நான் பாக்கணும்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது அங்கே இருந்த ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. பந்தலில் பேசிக்கொண்டிருந்தது கிருமி எத்தனை நேரம் உயிரோடு இருக்கும் என்று. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

போட்டோக்காரர் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார். திருச்சுழியில் ஒரு டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கருவேலங்காட்டு ரோட்டில் வழியெல்லாம் போட்டோக்காரர் புலம்பிக்கொண்டே வந்தார்.

"எல்லாரும் அசைஞ்சுட்டாக அண்ணாச்சி. சரி, உசுரோட இருக்கவுக அசையத்தான் செய்வாக. அவுகளும் அசைஞ்சா நான் யாரை நம்பித் தொழில் பண்றது?"

கிளினிக்கில் காத்திருந்த அத்தனை பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள். பரளச்சிக்காரர்கள் வந்து பார்த்தால் பவுடர் மூட்டை போதாது. டாக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

"நெஞ்சுல மிச்சம் இருந்த காத்து. தூக்கி மடக்கினா வெளிய வரும், சளியைத் தள்ளிக்கிட்டு வரும், சத்தம் கேக்கும். அவர் இருமல, நீங்க எல்லாரும் சேந்து அவரை அமுக்கிட்டீங்க. விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாருன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

"கிருமி எவ்வளவு நேரம் இருக்கும்னு கேக்குறாங்க டாக்டர்."

"கொஞ்ச காலம் இருக்கும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. வெளிய உக்காந்திருக்காங்களே, உயிரோட இருக்கவங்க, அவங்க நெஞ்சுல என்ன கிருமின்னு கண்டுபிடிக்கவே எனக்கு வழி இல்ல. சளியை எடுத்து ஐஸ்ல வச்சு மெட்ராசுக்கு அனுப்பணும். மதுரையில பஸ் மாத்துறதுக்குள்ள அது வெந்நீர் ஆயிரும். செத்தவர் நெஞ்சை நான் எங்க போய்ப் பாக்குறது?" மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அவர் இனிமே இருமப் போறதில்ல. மூச்சு விடப் போறதில்ல. முகத்தைத் தொட்டா சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்க, பிறகு புள்ளையத் தூக்கட்டும். அவ்வளவுதான். ஆமா, வீட்டுல வேற யாரும் இருமுறாங்களா?"

"அவுக தாய்மாமன்."

"அவரைப் புள்ளகிட்ட விடாதீங்க. செத்தவரை விட்டுட்டு அவரைப் பாருங்க."

பஸ் பிடித்துத் திரும்பினேன். எதிர்வீட்டு வாசலில் தாய்மாமன் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து, என் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். காலையில் ஓடிய ஓட்டத்தில் அவருக்கு இருமல் அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் இருமிவிட்டு, குழந்தையின் கன்னத்தில் முத்தம் வேறு.

"யாரு குடுத்தது?" என்றேன்.

"அத்தை" என்றாள் என் மனைவி. அவளிடம் பிள்ளை இருந்தால் எந்த நேரத்திலும் அதையும் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடிவிடுவாள், சீக்கு பிள்ளைக்கு வந்துவிடும் என்று அத்தைக்குப் பயம். அதனால் பிள்ளையைப் பிடுங்கிப் பத்திரமான கையில் ஒப்படைத்திருக்கிறார். தாய்மாமன்தான் காய்ச்சலில் வேலையொன்றும் செய்ய முடியாமல் சும்மா படுத்திருந்தாராம்.

"சீக்காளி கிட்டக்க யாரும் போயிராதீக மாப்ள" என்று இருமலுக்கு நடுவில் எனக்குப் புத்தி சொன்னார் தாய்மாமன், பந்தல் பக்கம் கையை நீட்டிக்கொண்டு.

நான் டாக்டர் சொன்னதை மனைவியிடம் சொன்னேன். காற்று என்பதையும், அவர் விடிவதற்கு முன்பே போய்விட்டார் என்பதையும். அவள் கேட்டுக்கொண்டாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது.

"டாக்டரு வந்து பாத்தாரா?"

"இல்ல."

"அப்ப நான் பாக்குறேன்."

எழுந்தாள். மாமாவின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கி என் கையில் வைத்தாள். "நீங்க யாருகிட்டயும் குடுக்காதீக" என்றாள். காவலுக்கு நின்ற பெண்கள் மறித்தார்கள். "சரி, ஓரமா நில்லுங்க, நான் இருமப் போறேன்" என்றாள். விலகிவிட்டார்கள்.

மைத்துனர் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். பாடை தயாராகிக்கொண்டிருந்தது. அத்தை ஏதோ கத்தினார், ஆனால் பவுடர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே கத்தினார். ஆய்வாளர் கோட்டைக் காட்டினார். என் மனைவி அதை மிதித்துக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளைப் பாதம் இரண்டு தரையில் விழுந்தது.

அவர் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்திருக்கும். ஐஸில் வைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்; அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பந்தல் முழுக்க அலறல், ஒப்பாரிக்காரிகள் ஒரு பக்கம், கொட்டு ஒரு பக்கம். அதில் என்ன கேட்டிருக்கும்? பிறகு தாடைக்கட்டைத் தளர்த்திவிட்டு, அரிசியை எடுத்து அவர் உதட்டுக்கு நடுவில் போட்டாள். போட்டுவிட்டு வரவில்லை. குனிந்து அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள், எதற்கென்று தெரியாமல். எனக்குத் தெரிந்தது. வாயில் எது விழுந்தாலும் மெல்லாமல் இருந்தறியாத மனிதர்.

அரிசி விழுந்த இடத்திலேயே கிடந்தது.

அப்போதுதான் என் மனைவி அழுதாள்.

அதன் பிறகு சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினாள். அந்த வாரமே குழந்தைக்குச் சளி பிடித்து மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துத் தேறிவிட்டது. ஆனால் உறவில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: செத்த அப்பனைத் தொட்டுத் தன் பிள்ளைக்குச் சீக்கைக் கொண்டுவந்தவள். தீர்ப்பை ஊர் ஊராகக் கொண்டு போனவர் தாய்மாமன். காரியாபட்டியில் ஒரு காதுகுத்தில் பந்திக்கு நடுவில் சொன்னார், இருமிக்கொண்டே. இலையில் இருந்தவர்கள் என் மனைவியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. மதுரையிலிருந்து வந்த டாக்டரம்மா ஒருவரிடம் நான் இந்தக் கேள்வியைக் கேட்டேன், ஏதோ பொதுவாகக் கேட்பதுபோல. கிருமியின் துணுக்கு இருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற சோதனை வெளிநாட்டில் வந்திருக்கிறது, அப்படிப் பார்த்தால் இறந்தவர் நெஞ்சில் நாள் கணக்கில்கூடத் தெரியலாம் என்றார். "ஆனா கொடியில சட்டை காயுதுங்கிறதுக்காக ஆளு வீட்டுக்குள்ள இருக்கான்னு அர்த்தமில்ல. மிச்சம் தெரியறது வேற, ஒட்டிக்கிறது வேற" என்றார். பிறகு ஒன்று சொன்னார்: வெயிலில் கிடந்தால் கிருமி சீக்கிரம் ஒழியும், ஐஸில் வைத்தால் நன்றாகப் பாதுகாப்பாக இருக்கும். பரளச்சியில் உமி போட்டு இறங்கிய கட்டிகளை நினைத்துக்கொண்டேன். மாமனாருடைய சீக்குக்கு அன்று நாங்கள் செய்த மரியாதை வேறு யாருக்கும் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "மாமாகிட்டச் சொல்லிப் பாருங்க" என்றாள். சொன்னேன். ஐஸ் போதவில்லை என்று அவர் அப்போதே நினைத்ததாகச் சொன்னார்.

இனி அந்தப் படம். திருச்சுழிப் பக்கம் வேலையாகப் போனபோது போட்டோக்காரர் கடையில் கேட்டேன். "கெட்டுப்போச்சு அண்ணாச்சி, யாரும் வாங்கல" என்று எடுத்துக் கொடுத்தார். நடுவில் நாற்காலியில் மாமனார், தலை ஒரு பக்கம் சாய்ந்து. பின்னால் வரிசையாக முதுகுகள், கலங்கலாக. காற்றில் ஒரு துண்டு. ஒரு ஓரத்திலிருந்து உள்ளே வருகிறாள் என் மனைவி, கை நீட்டியபடி. அவள் முகம் மட்டும் பக்கவாட்டில் தெளிவாக விழுந்திருக்கிறது.

அதைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறோம். வருகிற உறவினர்கள் பார்ப்பார்கள். முதுகுகளில் எது யாருடையது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை. அத்தை மட்டும் கண்ணைச் சுருக்கிக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அப்பன் செத்துக் கெடக்கான். இவ சிரிச்சுக்கிட்டு நிக்கிறா பாரு" என்றார்.

சரியாகத்தான் பார்த்தார். படத்தில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுடைய அப்பா அப்போதுதான் இருமியிருந்தார்.